தாயின் படிப்பும் பிள்ளையின் உயிரும்

நைஜீரியாவின் எகிட்டி பகுதியில் இடோ, இசின்போடே என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. இரண்டிலும் வாழ்பவர்கள் யொருபா மக்கள். பிழைப்பு, சாப்பாடு, வழக்கம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய வித்தியாசம் ஒன்றே ஒன்று: இடோவில் மருத்துவமனை இருந்தது, இசின்போடேயில் இல்லை. 1970களில் ஒருபுலோயே என்ற நைஜீரிய ஆய்வாளரும், ஜான் கால்ட்வெல் என்ற ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞரும் இந்த இரண்டு ஊர்த் தாய்மார்களிடமும் எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை தங்கியது என்று கேட்டுக் கணக்கெடுத்தார்கள்.

மருத்துவமனை இருக்கும் ஊரில் பிள்ளைகள் கூடுதலாகப் பிழைப்பார்கள் என்பது யாரும் ஊகிக்கக் கூடியதுதான். அவர்கள் கூடவே இன்னொன்றையும் பார்த்தார்கள். அந்தத் தாய் பள்ளிக்கூடம் போனவரா, இல்லையா?

மருத்துவமனையும் இல்லை, தாய்க்குப் படிப்பும் இல்லை என்ற நிலையை அடிமட்டமாக வைத்துக்கொள்வோம். படிக்காத தாய்க்கு மருத்துவமனை மட்டும் கிடைத்தால், பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் 20 சதவீதம் கூடியது. மருத்துவமனை இல்லாத இடத்தில் தாய் படித்தவராக மட்டும் இருந்தால் 33 சதவீதம் கூடியது. இரண்டும் சேர்ந்து இருந்தால்? இருபதும் முப்பத்து மூன்றும் ஐம்பத்து மூன்று என்றுதான் நாம் கூட்டுவோம். வந்த விடை 87.

(சராசரி ஆயுள் என்பது பிறக்கும் குழந்தைகள் சராசரியாக எத்தனை வருடம் வாழ்வார்கள் என்ற கணக்கு. சின்ன வயதிலேயே பிள்ளைகள் இறக்கும் இடத்தில், அந்தச் சாவுகள் கொஞ்சம் குறைந்தாலும் இந்தக் கணக்கு விறுவிறுவென ஏறும்.)

படிப்பைத் தனியாக, மருத்துவமனையைத் தனியாகப் பார்த்தால் அந்த உபரி 34 எங்கிருந்து வந்தது என்று புரியாது. அதே கட்டடம், அதே டாக்டர், அதே மருந்து. படித்த தாய் உள்ளே போனபோது மட்டும் அந்த மருத்துவமனை கூடுதலாக வேலை செய்திருக்கிறது. தாயின் கல்விக்கும் குழந்தையின் நலத்துக்கும் என்ன தொடர்பு என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் இந்த 34இல் இருந்துதான் தொடங்குவேன்.

சரி, அந்தத் தாய் அங்கே என்ன செய்தார்?

போன வருடம் ஒரு சாயங்காலம் மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். இடுப்பில் ஏழெட்டு மாதக் குழந்தையோடு ஒரு பெண் வந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல். பையிலிருந்து தீர்ந்துபோன பழைய பாட்டில் ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்தார். கடைக்காரர் உள்ளே போய் வேறொரு பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டும் பாராசிட்டமால்தான். அந்தப் பெண் பணம் கொடுக்கவில்லை. இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லேபிளில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணா, பழசுல அஞ்சு மில்லிக்கு நூத்தி இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கு. இதுல ஒரு மில்லிக்கே நூறுன்னு இருக்கே. அளவு அதேதானா, மாறுமா?"

மாறும். ரொம்பவே மாறும். புதிதாக வந்தது சொட்டு மருந்து, அதாவது ட்ராப்ஸ். கைக்குழந்தைக்கு மருந்தைக் கொஞ்சமாகப் புகட்டினால் போதும் என்பதற்காக அதைக் கெட்டியாகத் தயாரிப்பார்கள். ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 அல்லது 250 மில்லிகிராம் இருக்கும். சிரப் ஊற்றிப் பழகிய கை, அதே ஐந்து மில்லி மூடியில் சொட்டு மருந்தை ஊற்றினால், பெரியவர்கள் போடும் 500 மில்லிகிராம் மாத்திரை முழுதாக அந்தப் பச்சைப்பிள்ளையின் வயிற்றுக்குள் போய்விடும். அதையே வேளைக்கு வேளை கொடுத்தால், காய்ச்சலுக்கு வாங்கிய மருந்தே ஈரலைக் கெடுத்துவிடலாம்.

லேபிள் முழுக்க ஆங்கிலம். அந்தப் பெண் ஆங்கிலம் படித்தவராகத் தெரியவில்லை. எண்களையும் 'எம்ஜி', 'எம்எல்' என்ற இரண்டு எழுத்துகளையும் அடையாளம் காணத் தெரிந்தது, அவ்வளவுதான். அதற்கு எட்டாம் வகுப்புப் படிப்பு போதும். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. ஒரே பெயர் எழுதிய இரண்டு பாட்டில்கள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது, அந்தச் சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்கவும் முடிந்தது.

இதைத்தான் ஆராய்ச்சிகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பள்ளிக்கூடத்தில் யாரும் பாராசிட்டமால் அளவு சொல்லித் தருவதில்லை. காலரா எப்படிப் பரவுகிறது என்று அறிவியல் பாடத்தில் இரண்டு பக்கம் இருந்திருக்கும், பரீட்சை முடிந்ததும் அதுவும் மறந்திருக்கும். மொராக்கோ நாட்டுத் தாய்மார்களை வைத்துப் பால் க்ளூவே என்ற பொருளாதார அறிஞர் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகவே ஆராய்ந்தது. குழந்தை நன்றாக வளரத் துணை நின்றது தாய்க்கு இருந்த உடல்நல அறிவுதான். ஆனால் அந்த அறிவு வகுப்பறையில் கிடைத்ததல்ல. வகுப்பறையில் கிடைத்த எழுத்தையும் கணக்கையும் வைத்துக்கொண்டு அவர்கள் அதைப் பிற்பாடு வெளியில் தேடிக்கொண்டார்கள். பிரேசிலில் தாயின் படிப்பையும் பிள்ளையின் உயரத்தையும் ஒப்பிட்டவர்களும் இதேபோலத்தான் கண்டார்கள். படித்த தாய் பேப்பர் படிக்கிறார், ரேடியோ கேட்கிறார், டிவி பார்க்கிறார். படிப்பு பிள்ளையைப் போய்ச் சேர்ந்த வழி பெரும்பாலும் அதுதான்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் லெவைன் என்ற மானிடவியல் அறிஞர் இன்னும் ஒரு படி ஆழமாகப் போனார். மெக்சிகோ, நேபாளம், வெனிசுவேலா, ஜாம்பியா ஆகிய நான்கு நாடுகளில் அவரும் அவர் குழுவினரும் தாய்மார்களோடு உட்கார்ந்து, ரேடியோவில் வரும் சுகாதார அறிவிப்பைக் கேட்கச் செய்து, என்ன புரிந்தது என்று கேட்டுப் பார்த்தார்கள். சிறுவயதில் சில வருடங்களே பள்ளிக்குப் போயிருந்தாலும், இருபது வருடம் கழித்துக்கூட அந்தத் திறமை மிச்சம் இருந்தது. அவர் சொன்ன காரணத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். வீட்டில் நாம் பேசும் பேச்சு கண்ணெதிரே இருப்பதைப் பற்றியது: "அதை எடு, இங்க வை, அவ வந்துட்டாளா?" பள்ளிக்கூடத்தில்தான் முதல்முறையாக, சொந்தபந்தம் அல்லாத ஒருவர் முன்னால் உட்கார்ந்து, கண்ணெதிரே இல்லாத ஒன்றைப் பற்றி வெறும் வார்த்தையில் கேட்டு, புரிந்துகொண்டு, கேள்விக்குப் பதில் சொல்லப் பழகுகிறோம். "சாப்பாட்டுக்குப் பின் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஐந்து நாள்" என்று டாக்டர் சொல்வதும் அதே மொழிதான். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்காரும்போது, அந்த அறை படித்த தாய்க்கு ஏற்கெனவே கொஞ்சம் பழக்கமான அறை.

கால்ட்வெல் பிற்பாடு தென் கர்நாடகக் கிராமங்களில் இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து வேலை செய்தார். அங்கே அவர்கள் கவனித்த ஒன்று எனக்கு மறக்கவே மறக்காது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் படிக்காத தாயும் டாக்டரிடம் போகிறார். மருந்து வாங்கிக் கொடுக்கிறார். மருந்து கேட்கவில்லை என்றால் அங்கேதான் வேறுபாடு வருகிறது. "டாக்டர் கொடுத்த மருந்து கேட்கலைன்னு அவர்கிட்டயே போய் எப்படிச் சொல்றது?" என்று படிக்காத தாய் தயங்குகிறார். அப்படிச் சொல்வது அவரைக் குறை சொல்வதாகிவிடும் என்ற மரியாதையும் பயமும் கலந்த தயக்கம் அது. படித்த தாய் மூன்றாம் நாளே திரும்பிப் போய், "இன்னும் காய்ச்சல் விடலை" என்று சொல்லிவிடுகிறார். நிமோனியா போன்ற நோயில் பிள்ளை பிழைப்பது பல சமயம் இந்த இரண்டாவது நடையில்தான் இருக்கிறது. அந்த 34இல் ஒரு பங்கு இதில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

வீட்டுக்குள் நடப்பது

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் வீட்டைத் தாண்ட வேண்டும். நம் வீடுகளில் கைக்குழந்தையைப் பற்றிய முடிவு யார் கையில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளை விடாமல் அழுதால் "உரம் விழுந்திருக்கு" என்பார்கள். சோறு எடுக்கவில்லை என்றால் "தொக்கம்" எடுக்கக் கூட்டிப் போவார்கள். வயிற்றுப்போக்கு என்றால் "தண்ணி குடுக்காத, குடுக்கக் குடுக்கப் போயிட்டேதான் இருக்கும்" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அவருக்கும் அவர் மாமியார் சொன்னது அதுதான். வெளியே போவது தண்ணீர், நாம் கொடுப்பதும் தண்ணீர், நிறுத்தினால் நிற்கும் என்பது மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகக்கூடத் தோன்றும்.

ஆனால் வயிற்றுப்போக்கில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் உடலிலிருந்து போகும் தண்ணீரும் உப்பும்தான். போக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, உப்பும் சர்க்கரையும் சரியான விகிதத்தில் கலந்த நீரைக் குடல் உறிஞ்சிக்கொள்ளும். சர்க்கரை, உப்பைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போகிறது, இரண்டின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. ஓஆர்எஸ் பாக்கெட், அதாவது வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் பொடி, வேலை செய்வது இப்படித்தான். தண்ணீரை நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்பது இப்போது புரிந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு சின்ன மருமகள் "இல்லத்த, தண்ணி குடுக்கணும்னு நர்ஸம்மா சொன்னாங்க" என்று சொல்ல வேண்டும். சொல்வதற்குத் துணிவு வேண்டும். சொன்னால் வீட்டில் எடுபடவும் வேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது படித்த மருமகளின் பேச்சுக்கு வீட்டில் கொஞ்சம் கூடுதல் மதிப்பு இருக்கிறது. "அவ படிச்சவ, அவளுக்குத் தெரியும்" என்று மாமனாரே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். குடும்பத்துக்குள் அதிகாரம் இடம் மாறுவதைக் கால்ட்வெல் மிக முக்கியமான வழியாகக் கருதினார். மாமியாரிடமிருந்து மருமகளுக்கும், பெரியவர்களின் தட்டிலிருந்து பிள்ளைகளின் தட்டுக்கும் அது மெல்ல நகர்கிறது. முட்டை ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது யாருக்கு என்பதுகூட இதில் சேர்த்திதான்.

கல்யாண வயது பற்றி விளக்கம் அதிகம் தேவையில்லை. பள்ளியில் இருக்கும் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப் போகிறது. பதினாறு, பதினேழு வயதில் கர்ப்பமாகும் பெண் தானே வளர்ந்துகொண்டிருப்பவள். பிள்ளை எடை குறைவாகப் பிறக்கும் வாய்ப்பும், குறைமாதத்தில் பிறக்கும் வாய்ப்பும் அதிகம். இரண்டு பிரசவங்களுக்கு நடுவே போதிய இடைவெளி இல்லாவிட்டால் இரண்டு பிள்ளைகளுக்குமே ஆபத்து கூடும். படித்த பெண்கள் தள்ளிப் பெறுகிறார்கள், இடைவெளி விட்டுப் பெறுகிறார்கள், குறைவாகப் பெறுகிறார்கள். இதனாலேயே பல உயிர்கள் தங்குகின்றன.

காரணம் படிப்பா, பணமா?

படித்த பெண் பெரும்பாலும் கொஞ்சம் வசதியான வீட்டில் பிறந்தவர். படித்த மாப்பிள்ளைக்கு வாக்கப்படுகிறார். குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள ஊரில் இருக்கிறார். அப்படியென்றால் பிள்ளையைக் காப்பாற்றியது படிப்பா, குழாய்த் தண்ணீரா? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் பேசினால் அது பிரச்சாரம் ஆகிவிடும்.

1998இல் சோனல்டே தேசாய், சௌம்யா ஆல்வா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 22 நாடுகளின் தகவல்களை எடுத்து இதைத்தான் சோதித்தார்கள். கணவரின் படிப்பு, வீட்டின் தண்ணீர், கழிப்பறை வசதி, வாழும் பகுதி எல்லாவற்றையும் கணக்கில் கொண்டுவந்தபோது, பிள்ளையின் உயிர் பிழைப்பிலும் உயரத்திலும் தாய்ப்படிப்பின் பங்கு நன்றாகவே சுருங்கியது. தடுப்பூசி விஷயத்தில் மட்டும் அது உறுதியாக நின்றது. தாயின் படிப்புக்குப் போகும் புகழில் ஒரு பகுதி உண்மையில் வசதிக்குச் சேர வேண்டியது என்பதை இந்த ஆய்வு காட்டியது. அதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் விஷயம் அங்கே முடிந்துவிடவில்லை. படிப்பையும் வசதியையும் பிரித்துப் பார்க்க வேறொரு வழி உண்டு. ஏதோ ஒரு வருடத்தில் அரசு திடீரென்று சட்டத்தை மாற்றுகிறது, எல்லாப் பெண்களுக்கும் பள்ளி திறக்கிறது. இரண்டு வருடம் முன்னால் பிறந்த பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை, பின்னால் பிறந்தவளுக்குக் கிடைத்தது. இருவரும் ஒரே ஊர், ஒரே தரமான குடும்பம். வருடம்தான் வேறு. தைவானில் 1968இல் கட்டாயக் கல்வியை 6 வருடத்திலிருந்து 9 வருடமாக்கினார்கள், ஊர் ஊராக நடுநிலைப் பள்ளிகள் கட்டினார்கள். அந்தப் பெண்கள் தாய்மாரானபோது கணக்குப் பார்த்தால், கூடுதல் படிப்பின் பயனாகச் சிசு மரணம் ஏறக்குறைய 11 சதவீதம் குறைந்திருந்தது. ஜிம்பாப்வேயில் 1980இல் விடுதலை வந்ததும் கறுப்பினப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளிக் கதவு திறந்தது. அப்போது பதினைந்து வயதைத் தாண்டிவிட்டவர்களுக்கு அது எட்டவில்லை. அங்கும் படித்தவர்களின் பிள்ளைகள் அதிகம் பிழைத்தார்கள். இந்தப் பெண்கள் பணக்கார வீட்டில் பிறந்ததால் படித்தவர்கள் அல்ல. சரியான வருடத்தில் பிறந்தார்கள், அவ்வளவுதான்.

உலக அளவில் 2010இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு கணக்கு இது: 175 நாடுகளில், 1970இலிருந்து 2009க்குள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணம் ஆண்டுக்கு 82 லட்சம் குறைந்தது. அதில் 42 லட்சம், அதாவது பாதிக்குச் சற்று மேல், பெண்களின் படிப்பு கூடியதால் வந்தது என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. 2021இல் அதே இதழில் வந்த இன்னொரு ஆய்வின்படி, பன்னிரண்டு வருடம் படித்த தாயின் பிள்ளை ஐந்து வயதுக்குள் இறக்கும் ஆபத்து, படிக்காத தாயின் பிள்ளைக்கு இருப்பதைவிட 31 சதவீதம் குறைவு. அப்பாவின் படிப்பும் உதவுகிறது, ஆனால் ஏறக்குறைய பாதி அளவுதான். படிப்பு ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறது. ஐந்தாவதோடு நின்றவருக்கும் ஒன்றும் படிக்காதவருக்கும் இடையே கூட வித்தியாசம் உண்டு.

நம் நாட்டில் 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், பள்ளிக்கே போகாத தாய்மார்களின் பிள்ளைகளில் 46 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 12 வருடமோ அதற்கு மேலோ படித்தவர்களின் பிள்ளைகளில் அது 26 சதவீதம். இந்த எண்ணில் வசதியின் பங்கும் கலந்திருக்கிறது என்பதை மேலே சொன்னதை வைத்து நீங்களே புரிந்துகொள்வீர்கள். இருபத்தாறும் சின்ன எண் அல்ல. பன்னிரண்டாவது படித்த தாயின் வீட்டிலும் நாலில் ஒரு பிள்ளை குட்டையாகவே வளர்கிறது என்றால், படிப்பு மட்டும் போதாது.

இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. ஓய்ஸ்டெய்ன் கிராவ்டால் என்ற நார்வே ஆய்வாளர் 2004இல் இந்தியத் தகவல்களைப் பார்த்தபோது, தான் படிக்காவிட்டாலும் சுற்றியிருக்கும் பெண்கள் படித்தவர்களாக இருந்தால், அந்தத் தாயின் பிள்ளை பிழைக்கும் வாய்ப்பும் கூடுவதைக் கண்டார். பக்கத்து வீட்டு அக்கா தடுப்பூசி அட்டையைப் பார்த்து "புதன்கிழமை உன் பையனுக்கும் ஊசி இருக்கு, வா போலாம்" என்று கூப்பிடுவதுதான் இது. ஒரு தெருவில் நாலு பேர் படித்தால் அந்தத் தெருவே கொஞ்சம் படித்ததாகிவிடுகிறது.

படித்தவர்கள் எல்லாவற்றிலும் சரியாக இருக்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பல நாடுகளில் படித்த தாய்மார்கள்தான் தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்திவிட்டுப் புட்டிப்பாலுக்கு மாறினார்கள். விளம்பரத்தைப் படிக்கவும் படிப்பு உதவுகிறதே.

ஒரே தீவில் இரண்டு கதை

கால்ட்வெல் 1986இல் எழுதிய இன்னொரு கட்டுரையில், ஏழ்மையிலும் மரணத்தைப் பெரிதாகக் குறைத்துக் காட்டிய இடங்களாக இலங்கை, கேரளம், கோஸ்டாரிகா மூன்றையும் எடுத்துக்கொண்டார். மூன்றிலும் பொதுவாக இருந்தவை பெண்களின் படிப்பு, எட்டும் தூரத்தில் சுகாதார நிலையம், கேட்டுப் பெறும் அரசியல் பழக்கம். இலங்கையில் 1945இல், கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, இலவசக் கல்வி வந்தது. அடுத்த தலைமுறையில் இலங்கைத் தாய்மார்கள் தெற்காசியாவிலேயே அதிகம் படித்தவர்களில் சேர்ந்தார்கள். சிசு மரணமும் மளமளவென இறங்கியது.

அதே தீவில், மலையகத் தோட்டங்களில் கதை வேறு. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வாழ்ந்த தமிழ்த் தாய்மார்களுக்கு அந்தப் பள்ளிக்கூடங்கள் நெடுங்காலம் எட்டவில்லை. தோட்டப் பள்ளி என்று இருந்தது ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிடும். 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பெடுக்கத் தொடங்கியது. தோட்டத்தில் மருந்தகம் இருந்தது, பிள்ளைக்காம்பரா இருந்தது. அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தையை அங்கேதான் விட்டுப் போவார். ஆனாலும் சிசு மரணம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிடத் தோட்டங்களில் நெடுங்காலம் அதிகமாகவே இருந்தது. வீடு, கூலி, குடியுரிமை என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. இடோ ஊர்க் கணக்கைப் படித்தபின் எனக்குத் தோன்றுவது, மருந்தகம் மட்டும் கிடைத்த தாய்க்கு வந்த அந்த 20தான். மீதியைப் பள்ளிக்கூடம் தந்திருக்க வேண்டும். அதை அவர்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள்.

அதனால்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் "படிக்காதது, அதுக்கு என்ன தெரியும்" என்று ஒரு தாயைப் பார்த்து யாராவது சொல்லும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. அப்படிச் சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டார், அடுத்து எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஒன்று அவர் வாயிலேயே நின்றுபோனது. படிப்பு தரும் பெரிய பலமே கேள்வி கேட்கும் தைரியம் என்றால், படிக்காத தாயிடமிருந்து மிச்சமிருந்த அந்தத் தைரியத்தையும் நாம் பிடுங்கிக்கொள்கிறோம். படிக்காமல் போனது அவர் குற்றமா? தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்டவராக இருப்பார். வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்டவராக இருப்பார்.

பள்ளிக்குப் போகாதவர்களுக்கு

இன்றைக்கு ஐந்தாவது படிக்கும் சிறுமி தாயாகப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். அதுவரை, ஏற்கெனவே தாயாகிவிட்ட, படிக்காத பெண்களின் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பள்ளிக்கூடம் தருவதில் ஒரு பகுதியையாவது பள்ளிக்கூடம் இல்லாமலே கொடுக்க முடியுமா?

முடியும். புதுக்கோட்டையில் 1991இல் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் வந்தபோது, கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துப் பழக வந்த பெண்களுக்குக் கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரியில் வேலை செய்த பெண்கள், கூலிக்குப் போன பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள் என்று பல்லாயிரம் பேர் சைக்கிளில் ஏறினார்கள். சைக்கிளுக்கும் குழந்தை நலத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். காய்ச்சல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, வீட்டுக்காரர் வேலையிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பின்னால் பிள்ளையை உட்காரவைத்துத் தானே மிதித்துப் போகலாம். அ, ஆ மட்டும் தந்திருந்தால் இது நடந்திருக்காது.

வங்கதேசத்தில் நடந்தது இன்னும் பெரிது. பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980இலிருந்து பத்து வருடம் வீடு வீடாகப் போனது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். போனவர்கள் பெண்கள், உட்கார்ந்தது அடுப்படித் திண்ணையில். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர்: வயிற்றுப்போக்குக்கான கரைசல் வீட்டில் இருப்பதிலேயே முடிந்துவிடும். பாக்கெட்டும் வேண்டாம், படிக்கவும் வேண்டாம். உப்பு கூடினால் ஆபத்து என்பதால் அளவைக் கையாலேயே பழக்கினார்கள். சொல்லிக்கொடுத்தவர்களுக்குச் சம்பளம் எத்தனை வீடு போனார்கள் என்பதை வைத்து முடிவாகவில்லை. பிற்பாடு வேறொருவர் சில வீடுகளுக்குப் போய், அந்த அம்மாவிடம் சொல்லச் சொல்லி, கலக்கச் சொல்லிப் பார்ப்பார். அவர் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் சொல்லிக்கொடுத்தவருக்குப் பணம். தாய்க்குப் புரியவில்லை என்றால் குறை சொல்லிக்கொடுத்தவருடையது என்று இந்த ஒரு ஏற்பாட்டிலேயே வைத்துவிட்டார்கள்.

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியர் இதையே தன் போக்கில் செய்கிறார். ஒரு புதன்கிழமை பார்த்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தவர். மடியில் ஒன்றரை வயதுப் பிள்ளை, கண்கள் கொஞ்சம் உள்ளே போயிருந்தன. ஓஆர்எஸ் பாக்கெட்டைக் கையில் கொடுத்து, எப்படிக் கலப்பது என்று செவிலியர் சொன்னார். சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்கவில்லை. கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும்மா. வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க, நீங்க சொல்லுங்க."

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "கை கழுவிட்டு, காய்ச்சி ஆறவெச்ச தண்ணி எடுத்துக்கணும். பாக்கெட்டைப் பாதியாப் போடக்கூடாது, முழுசாப் போடணும். ஒரு லிட்டர் தண்ணியில." நிறுத்திவிட்டு, செவிலியரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "ஒரு லிட்டருன்னா எங்க வீட்டுச் சொம்புல எவ்வளவு வரும்?"

செவிலியர் எழுந்து போய், மேசை மேல் இருந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். "இதைக் கொண்டுபோய் வெச்சுக்குங்க. இது நிறைய ஒரு தடவை. நாளைக்குக் காலையில மிச்சம் இருந்தா கொட்டிட்டுப் புதுசாக் கலக்குங்க. அப்பவும் நிக்கலைன்னா எப்ப வேணா வாங்க, நான் இல்லைன்னாலும் வாங்க."